நம்பர் மாறாமல் கம்பெனி மாற வேண்டும், தவணையில் போனும் வாங்க வேண்டும்: எது முதலில்?

குட்டியானை மாரண்டஹள்ளி:

வணக்கம். சொந்தமாகக் குட்டி யானை (சின்ன லோடு வண்டி) வைத்து ஓட்டுகிறேன். தக்காளி இருக்கும் நாளில் பஞ்சப்பள்ளி சுற்றுவட்டாரத்தில் தோட்டம் தோட்டமாகக் கிரேடு (தக்காளிப் பெட்டி) ஏற்றி ராயக்கோட்டைக்கோ பாலக்கோட்டுக்கோ கொண்டுபோய் இறக்குவேன். ரேட் எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கே. தக்காளி இல்லாத நாளில் மாட்டுத் தீவனம், செங்கல், கல்யாண வீட்டுப் பாத்திரம், யார் கூப்பிட்டாலும் போவேன். அந்த 'யார் கூப்பிட்டாலும்' என்பதில்தான் இப்போது சிக்கல்.

என் நம்பர் 2009-ல் வாங்கியது. வண்டியின் பின்கதவில் பெயிண்டர் எழுதியது, மண்டியில் கமிஷன்காரர்களின் கணக்கு நோட்டு அட்டையில் இருப்பது, பஞ்சப்பள்ளிப் பக்கம் ஒரு பம்ப்செட் ரூம் சுவரில் கரிக்கட்டையால் கிறுக்கியிருப்பது எல்லாம் அதே நம்பர்தான். அதை விட்டால் பிழைப்பு போச்சு. ஆனால் தோட்டத்துக்குள் போய்விட்டால் டவர் நிற்பதில்லை. ஒரு கோடு வரும், போகும். கொஞ்ச நாள் முன்பு, 'இன்றைக்கு வரத்து ஜாஸ்தி, லோடை நாளைக்குக் கொண்டு வா' என்று சொல்ல மண்டியிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். மிஸ்டு கால் மெசேஜ் எனக்கு வந்து சேர்ந்தது ராயக்கோட்டைக்குள் நுழைந்த பிறகு. அன்றைக்கு விழுந்த விலையில் தோட்டக்காரரிடம் வாடகை கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் ஆளுக்கு ஒரு கட்சியாகப் பிரிந்து சண்டைதான் நடக்கும், பதில் வராது.

அடுத்தது போன். சார்ஜ் பின் லூஸ். ஒயரை ஒரு பக்கமாக வளைத்து ரப்பர் பேண்டு போட்டால்தான் ஏறுகிறது. ஸ்பீக்கரில் தக்காளிச் சாறு இறங்கிய நாளிலிருந்து எதிரில் பேசுகிறவர் கிணற்றுக்குள் இருந்து பேசுவது மாதிரி கேட்கிறது. தர்மபுரியில் ஒரு கடையில் போய்க் கேட்டேன். விசிட்டிங் கார்டின் பின்னால் இப்படி எழுதிக் கொடுத்தார்கள்:

போன் 18,000. முன்பணம் 6,000. மீதி மாதம் 2,000 வீதம் ஆறு மாதம். வட்டி கிடையாது. பைல் சார்ஜ் 826. 'எதற்கும் இருக்கட்டும்' என்று பாதுகாப்புத் திட்டம் 1,199.

ரொக்கமாக எடுத்தால் எவ்வளவு என்று கேட்டதற்கு, முகத்தைத் திருப்பிக்கொண்டு '16,900-க்குப் பண்ணித் தரலாம்' என்றார்.

அதோடு விடவில்லை. 'சிம்மையும் இங்கேயே வேறு கம்பெனிக்கு மாற்றித் தருகிறோம். ஆனால் தவணை முடியும் வரைக்கும் அதற்கப்புறம் சிம்மை மாற்றக் கூடாது, மாற்றினால் போன் லாக் ஆகிவிடும்' என்றார். இது நிஜமா? என் மகள் பார்க்கிற வீடியோவிலும் இதே மாதிரிதான் சொல்கிறார்களாம்.

நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்ற நானே 1900-க்கு மெசேஜ் போட்டுப் பார்த்தேன். அதற்கு எட்டெழுத்துக் கோடு (code) வரும் என்றார்கள். கோடு வரவில்லை, இங்கிலீஷில் வேறு ஏதோ வந்தது. 'ஏழு நாள்' என்று இருப்பது மட்டும் தெரிகிறது. மகள் காலேஜில் இருக்கிறாள், அவள் வருவதற்குள் மெசேஜை அழித்துவிட்டேன்.

என் கேள்வி இவ்வளவுதான்: முதலில் சிம்மா, முதலில் போனா? அந்த வட்டியில்லாத் தவணையை நம்பலாமா? நான் சம்பளக்காரன் இல்லை. வண்டிக் கடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த வருஷம் வண்டியை மாற்றும் யோசனையும் இருக்கிறது. அதனால்தான் யோசிக்கிறேன்.

காரிமங்கலத்தான்:

அண்ணே, எந்தக் கம்பெனிக்குப் போனாலும் காட்டுக்குள் இதே கதைதான். ரெண்டு சிம் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருங்கள். பின்கதவில் இன்னொரு நம்பர் எழுத பெயிண்டர் எவ்வளவு கேட்கப் போகிறார்.

பாலக்கோடு செல் சர்வீஸ்:

அண்ணே, முதலில் அந்த லாக் விஷயம். கடைக்காரர் இரண்டு வேறு சங்கதிகளைச் சேர்த்துக் கட்டி உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்.

இங்கே கடையில் விற்கும் போன்கள் எந்தக் கம்பெனி சிம்முக்கும் திறந்தவைதான். சிம் கம்பெனி போனைக் கட்டிப்போடுவது ஒரு காலத்தில் இருந்தது. 2003-ல் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்தில் கொடுத்த போன் ஞாபகம் இருக்கும், அதில் வேறு கம்பெனிக்கு வழியே கிடையாது. 2017-ல் வந்த ஜியோபோனிலும் ஜியோ சிம் மட்டும்தான் வேலை செய்யும். நீங்கள் பார்க்கும் 18,000 ரூபாய் போனுக்கு அந்தக் கதை இல்லை.

லாக் என்று அவர் சொல்வது கடன் கொடுக்கும் ஃபைனான்ஸ் கம்பெனியின் ஆப். சில கம்பெனிகள் போனைக் கையில் கொடுக்கும்போதே அதை ஏற்றிவிடுவார்கள், நீங்களாக நீக்க முடியாது. அது பார்ப்பது தவணை கட்டினீர்களா என்று. எந்தக் கம்பெனி சிம் என்று அது ஏன் கேட்கப் போகிறது? கடனில் இறங்குவதாக இருந்தால், 'போனில் ஏதாவது லாக் ஆப் போடுவீர்களா, ஒப்பந்தத்தில் எந்த இடத்தில் எழுதியிருக்கிறது' என்று நேராகக் கேளுங்கள். பதிலில் தடுமாற்றம் தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தது, கோடு வராதது. ஒன்று கேட்கிறேன்: சமீபத்தில் அதே நம்பருக்கு சிம் கார்டு மாற்றினீர்களா? தொலைந்தோ உடைந்தோ புதுசு வாங்கினீர்களா?

குட்டியானை மாரண்டஹள்ளி:

ஆமாம் தம்பி. சிம் வைக்கிற டிரே உடைந்து, பழைய சிம்மும் கீறல் விழுந்துவிட்டது. கம்பெனி கடையில் கைரேகை வைத்து அதே நம்பருக்குப் புதுசு வாங்கினேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பாலக்கோடு செல் சர்வீஸ்:

சம்பந்தம் அதுதான். 2024 ஜூலை 1 முதல் டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், கொண்டுவந்த விதி: சிம் மாற்றினால் ஏழு நாள் கழியாமல் போர்ட் கோடு, அதாவது நம்பரை வேறு கம்பெனிக்குக் கொண்டுபோகும் கோடு, கிடைக்காது. காரணம் நியாயமானது. எவனாவது உங்கள் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்கி, உடனே வேறு கம்பெனிக்குக் கொண்டுபோய்விட்டால், பேங்க் ஓடிபி எல்லாம் அவனுக்குப் போகும். உங்களுக்குத் தெரிவதற்குள் கணக்கு காலி. அதைத் தடுக்கத்தான் இந்த இடைவெளி. ஏழு நாள் முடிந்ததும் மறுபடி அனுப்புங்கள், வரும்.

அனுப்பும் முறை: இங்கிலீஷ் பெரிய எழுத்தில் போர்ட், ஒரு இடைவெளி, அப்புறம் உங்கள் பத்து இலக்க நம்பர். 1900-க்கு அனுப்ப வேண்டும். நீங்கள் போட்டிருக்கும் பிளானில் எஸ்எம்எஸ் இல்லை என்றாலும் 1900-க்கு மட்டும் அனுப்ப விட வேண்டும் என்று டிராய் 2021-லேயே உத்தரவு போட்டுவிட்டது. 'மேல் ரீசார்ஜ் பண்ணினால்தான் போர்ட் ஆகும்' என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

வரும் கோடு நம் பக்கம் நான்கு நாள்தான் செல்லும். அதற்குள் போக வேண்டிய கம்பெனியின் கடையில் ஆதாரோடு போய் நின்றால் புது சிம் கொடுப்பார்கள். நம் நம்பர் தமிழ்நாட்டு டெலிகாம் வட்டத்து நம்பர், அதற்குள்ளேயே மாறுவதால் மூன்று வேலை நாளில் முடிந்துவிடும். எந்த நாள், எத்தனை மணிக்கு மாறும் என்று முன்கூட்டியே மெசேஜ் வரும். பெரும்பாலும் ராத்திரியில்தான் மாற்றுவார்கள். கொஞ்ச நேரம் பழைய சிம்மும் வேலை செய்யாது, புதுசும் செய்யாது. நான்கு மணி நேரத்துக்குள் உயிர் வந்துவிடும். ராத்திரி லோடு இருந்தால் மண்டியில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மனசு மாறினால், கடையில் விண்ணப்பம் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் அதே 1900-க்கு கேன்சல் என்று இங்கிலீஷில் போட்டு நம்பரை அனுப்பி நிறுத்திவிடலாம். இடையில் பழைய கம்பெனியிலிருந்து அன்பாகக் கூப்பிட்டு ஆஃபர் சொல்வார்கள். பதினைந்து வருஷமாக எங்கே இருந்தது அந்த அன்பு என்று கேளுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். பழைய கம்பெனியில் மிச்சமிருக்கும் நாளும் பேலன்ஸும் கூடவே வராது, அங்கேயே கரைந்துவிடும். 84 நாள் பேக் போட்டிருந்தால் அது முடியும் தறுவாயில் கோடு வாங்குங்கள்.

அஞ்செட்டி டீச்சர்:

அண்ணா, தம்பி போர்ட் செய்யும் முறையைச் சரியாகச் சொல்லிவிட்டார். எங்கே போர்ட் செய்வது என்பதை யாரும் பேசவில்லையே. காரிமங்கலத்துக்காரர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஊருக்குள் நான்கு கோடு காட்டும் கம்பெனி, ஏரிக்கரை தாண்டினால் செத்துவிடும். என் ஸ்கூலில் தலைமையாசிரியர் அறையில் ஒரு கம்பெனி, வேப்பமரத்தடியில் இன்னொரு கம்பெனி என்றுதான் ஓடுகிறது.

அதனால் யார் சொல்வதையும் கேட்டு மாறாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான். உங்களோடு லோடு ஏற்ற வரும் பையன்களிடம் வேறு வேறு கம்பெனி சிம் இருக்கும். தோட்டத்தில் நிற்கும்போது அவர்கள் போனை வாங்கி மண்டிக்கு ஒரு கால் போடுங்கள். கோட்டைப் பார்க்காதீர்கள், குரல் அறுபடாமல் கேட்கிறதா என்று பாருங்கள். கிணற்று மேடு, ஷெட்டுக்குள், வண்டிக்குள் கண்ணாடி ஏற்றிய நிலையில், மூன்றிலும் பேசிப் பாருங்கள். கம்பெனிகள் வெளியிடும் கவரேஜ் வரைபடத்தையும் பார்க்கலாம். ஆனால் வரைபடத்தில் எங்கள் மலைகூட ஒரே நிறத்தில் பூசியிருக்கும், அடிவாரத்துக்கும் உச்சிக்கும் வித்தியாசம் தெரியாது.

எங்கள் ஊர்ப்பக்கம் இன்னொரு வேடிக்கை. எல்லைக்குப் பக்கத்தில் இருப்பதால் போன் கர்நாடகா டவரைப் பிடித்துக்கொள்ளும். 'கர்நாடகாவுக்கு நல்வரவு' என்று மெசேஜ் வரும், நான் வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பேன். இப்போதைய பிளான்களில் உள்நாட்டு ரோமிங்குக்குத் தனியாகக் காசு போவதில்லை என்பதால் கவலை இல்லை. பெங்களூரில் வேலை பார்த்தபோது வாங்கிய கர்நாடகா நம்பரைத் தமிழ்நாட்டு வட்டத்துக்கு மாற்றியபோதுதான் ஐந்து வேலை நாள் என்றார்கள். 2015 ஜூலைக்கு முன்னால் அப்படி வட்டம் விட்டு வட்டம் மாறவே முடியாது.

இன்னொன்று, போனை எடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டியது. பிஎஸ்என்எல் 4ஜி பக்கம் போகும் எண்ணம் இருந்தால், போனில் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, அதாவது பேண்ட் 28, இருக்கிறதா என்று பாருங்கள். பிஎஸ்என்எல் 4ஜி 700-லும் 2100-லும் ஓடுகிறது. தூரம் போவதும் சுவருக்குள் நுழைவதும் 700-தான். பழைய போன்கள் பலவற்றில் அது இல்லை. 'பிஎஸ்என்எல் போட்டேன், டவரே இல்லை' என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்குப் போன்தான் காரணம் என்பது என் சந்தேகம். அதனால் இப்போதைய போனில் சிம்மைச் சோதிப்பதற்கும், புதுப் போனில் சோதிப்பதற்கும் முடிவு வேறாக வரலாம். இதை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் போன் முதலில் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பாலக்கோடு செல் சர்வீஸ்:

டீச்சர் சொல்வது சரிதான், ஆனால் போனையே முதலில் வாங்க வேண்டியதில்லை. எந்த மாடல் வாங்கப் போகிறாரோ அதன் பேண்ட் விவரத்தை மகளிடம் சொன்னால் நெட்டில் பார்த்துச் சொல்லிவிடும். பேண்ட் 28 இருக்கிறதா, 5ஜி என்றால் n28, n78 என்ற பேண்ட் இரண்டும் இருக்கிறதா, அவ்வளவுதான். அண்ணனுக்கு 5ஜியை விட இரண்டு சிம்மிலும் வோல்ட்இ, அதாவது 4ஜி வழியே கால் பேசும் வசதி, வேலை செய்வதுதான் முக்கியம். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி எதுவும் இல்லை, கால் 4ஜி, 5ஜி மேல்தான் போகிறது. செட்டிங்கில் வோல்ட்இ அணைந்திருந்தால் கோடு காட்டும், கால் போகாது. இதற்காகவே வாரம் நாலு பேர் என் கடைக்கு வருகிறார்கள். அந்த ஸ்விட்சைப் போட்டுவிடுவதற்குக் காசு வாங்குவதில்லை.

சங்கத்துக் கணக்கர், ஊத்தங்கரை:

கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். சிம் விஷயம் எனக்கு விளங்காது. அந்த விசிட்டிங் கார்டுக் கணக்கை மட்டும் பேசுகிறேன்.

தம்பி, வட்டி இல்லை என்று சொன்னதும் போனின் விலை எது என்பதை மறந்துவிட்டோம். போனின் விலை 18,000 இல்லை. ரொக்கம் கொடுத்தால் 16,900-க்குத் தருகிறேன் என்று அவரே சொல்லிவிட்டார். அதுதான் விலை. இனி கணக்குப் போடுவோம்.

அன்றைக்கே நீங்கள் கொடுப்பது 6,000 முன்பணமும் 826 பைல் சார்ஜும். 16,900-ல் இவற்றைக் கழித்தால் 10,074. உங்களுக்கு உண்மையில் கிடைக்கும் கடன் அவ்வளவுதான். திருப்பிக் கட்டுவது 12,000. வித்தியாசம் 1,926. ஆறு மாதத்துக்கு இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அந்த 10,074-ம் ஆறு மாதம் முழுக்க உங்கள் கையில் இருப்பதில்லை. ஒவ்வொரு மாதமும் 2,000 கட்டக் கட்டக் குறைந்துகொண்டே போகிறது. அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் மாதம் நூற்றுக்கு ஐந்தே கால் ரூபாய் வருகிறது. நம் ஊர்ப் பாஷையில் சொன்னால் ஐந்து வட்டிக்கும் மேல். ஐந்து வட்டிக்குக் கொடுக்கிறவனைத் தெருவில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவோம் என்று உங்களுக்கே தெரியும். அவனுக்குக் கடையும் ஏசியும் இல்லை, அவ்வளவே வேறுபாடு.

பாதுகாப்புத் திட்டத்தையும் சேர்த்தால் மொத்தம் 20,025 ரூபாய் கொடுத்திருப்பீர்கள். அது வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. பில்லில் ஏறிவிட்டதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ரொக்கத்துக்கும் தவணைக்கும் ஒரே விலை போடுகிற கடை என்றால், உங்களுக்கு ஆகும் செலவு அந்த 826 மட்டுமே. அதுவே மாதம் இரண்டு வட்டி, ஆண்டுக்கு 25 சதவீதம் பக்கம் வருகிறது, ஆனாலும் ஒப்புக்கொள்ளலாம். ஆகவே தவணையே கெட்டது என்று நான் சொல்லவில்லை. முதல் கேள்வியாக ரொக்க விலையைக் கேளுங்கள், தவணைப் பேச்சை எடுப்பதற்கு முன்பே. பின்னால் கேட்டால் தள்ளுபடி சுருங்கிவிடும்.

சைபர் சதவீத வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. 2024 அக்டோபர் 1 முதல் இன்னொரு வசதியும் இருக்கிறது. வங்கியானாலும் ஃபைனான்ஸ் கம்பெனியானாலும் தனிநபருக்குக் கடன் கொடுக்கும்போது முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்பது அதில் இருக்கும். கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவுதான். தமிழில் கொடுங்கள் என்று கேளுங்கள். அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் பிற்பாடு வாங்கக் கூடாது. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டும் வரலாம், குறைந்தது மூன்று வேலை நாளுக்கு அந்த விலை செல்லும். 'இன்றைக்கு மட்டும்தான் ஆஃபர்' என்பது கடைக்காரர் அவசரம்.

வீட்டில் ஒரு மோதிரமோ தோடோ சும்மா இருந்தால், சங்கத்திலோ வங்கியிலோ வைத்து 10,900 வாங்கி, கையில் இருக்கும் ஆறாயிரத்தோடு ரொக்கமாகவே எடுத்துவிடலாம். ஆண்டுக்கு 12 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் ஆறு மாத வட்டி 654 ரூபாய். மதிப்பீட்டுக் கட்டணம் கொஞ்சம் சேரும்.

குட்டியானை மாரண்டஹள்ளி:

ஐயா, கணக்கைப் பார்த்து எனக்கே வியர்த்துவிட்டது. அந்தக் கடையில் எனக்கு டீ எல்லாம் வாங்கிக் கொடுத்தார்கள்.

ஆனால் நகை விஷயம் கொஞ்சம் கஷ்டம். போன் வாங்கத் தோட்டை வைத்தேன் என்று வீட்டில் சொன்னால், புதுப் போனில் வரும் முதல் கால் மாமனார் வீட்டிலிருந்துதான் இருக்கும். மாதம் 2,000 கட்டுவது எனக்குப் பெரிதில்லை. தேதிதான் இடிக்கிறது. தவணை மாதம் இரண்டாம் தேதியோ ஐந்தாம் தேதியோ கணக்கிலிருந்து தானாக எடுப்பார்களாம். எனக்கு மண்டியில் வாடகை மொத்தமாக வருவது வாரக் கடைசியில். அந்தத் தேதியில் கணக்கில் பணம் இல்லாமல் போனால்?

பாலக்கோடு செல் சர்வீஸ்:

அங்கேதான் இரண்டு பக்கமும் அடி விழும் அண்ணே. ஃபைனான்ஸ் கம்பெனி ஒரு பவுன்ஸ் சார்ஜ், உங்கள் பேங்க் ஒரு சார்ஜ். அதற்கு மேல் சிபிலில், அதாவது உங்கள் கடன் வரலாற்றுப் பதிவில், தாமதம் என்று ஏறும். 2,000 ரூபாய் தவணை தவறினாலும் பதிவு பதிவுதான். அடுத்த வருஷம் வண்டிக் கடனுக்குப் போய் நிற்கும்போது அந்த மேனேஜர் போனைப் பற்றித்தான் கேட்பார்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். கடையில் ஒரு கம்பெனி கடன் மறுத்தால், 'இருங்க சார்' என்று சொல்லி அடுத்தடுத்த கம்பெனிகளில் உங்கள் பான் நம்பரைத் தட்டிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு முறை தட்டுவதும் விசாரணை என்று உங்கள் சிபில் அறிக்கையில் பதிவாகும். ஒரே நாளில் வரிசையாக அப்படி இருந்தால் பார்க்கிறவருக்கு நீங்கள் பணமுடையில் அலைகிறவராகத் தெரிவீர்கள். அதனால் ஒரே கம்பெனியில் மட்டும் கேளுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். போவதற்கு முன் உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்த்துவிடுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை இலவசம், நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

காவேரிப்பட்டினம் டு டாலஸ்:

அண்ணா, உங்கள் மகள் பார்த்த வீடியோ அமெரிக்காக்காரர்கள் போட்டதாக இருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே போனைத் தவணையில் கொடுப்பதே சிம் கம்பெனிதான். 24 மாதம், 36 மாதம் என்று ஒப்பந்தம். 'போன் இலவசம்' என்று விளம்பரம் செய்வார்கள். ஆனால் முழு விலையையும் மாதங்களாகப் பிரித்து பில்லில் ஏற்றி, அதே அளவு தள்ளுபடியை மாதாமாதம் கழிப்பார்கள். நடுவில் கம்பெனி மாறினால் தள்ளுபடி நின்றுவிடும், போனின் மிச்ச விலையை மொத்தமாகக் கட்ட வேண்டும். பல கம்பெனிகளில் அது வரைக்கும் போன் அந்தக் கம்பெனி சிம்முக்கு மட்டும் பூட்டியே இருக்கும். நான் இங்கே வந்த புதிதில் அப்படித்தான் ஒரு கம்பெனியில் மாட்டிக்கொண்டேன், வீட்டுக்குள் டவர் கிடைக்காமல் பால்கனியில் நின்றுதான் அம்மாவிடம் பேசுவேன். அந்த விதி எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. நம் ஊரில் சிம் வேறு, போன் கடன் வேறு என்று இருப்பது பெரிய விஷயம்.

குட்டியானை மாரண்டஹள்ளி:

எல்லோருக்கும் நன்றி. இப்போது எனக்கு ஒரு வழி தெரிகிறது. தப்பாக இருந்தால் சொல்லுங்கள்.

லோடு ஏற்றும் பையன்கள் போனில் பேசிப் பார்க்கும் வேலையை ஆரம்பித்துவிட்டேன். ஒரு கம்பெனி கிணற்று மேட்டிலும் ஷெட்டுக்குள்ளும் நன்றாக எடுத்தது. வண்டிக்குள் கொஞ்சம் இழுத்தது, ஆனால் அறுபடவில்லை. என் பேக் முடியப் போகும் சமயத்தில் சிம் மாற்றிய ஏழு நாளும் தாண்டியிருக்கும். அப்போது கோடு வாங்கி, பழைய போனிலேயே போட்டு மாறிவிடுகிறேன்.

போனுக்கு, பாலக்கோட்டில் இன்னொரு கடையில் கேட்டேன். தவணைப் பேச்சே எடுக்காமல் ரொக்க விலை கேட்டதும் அதே மாடலுக்கு 17,000 என்றார். தவணைக்கும் அதே விலைதானா என்றேன், கொஞ்சம் யோசித்துவிட்டு சரி என்றார். பைல் சார்ஜ் உண்டு. தேதியை மட்டும் பத்துக்கு மேல் போட முடியுமா என்று கேட்டிருக்கிறேன், ஃபைனான்ஸ் கம்பெனியில் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். முடியாது என்றால், மாசி மாதம் என் சீட்டு விழுகிறது, அதுவரை ரப்பர் பேண்டோடு ஓட்டிக்கொள்வேன். பாதுகாப்புத் திட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அதற்குப் பதில் கனமான கவர் ஒன்று வாங்கிக்கொள்கிறேன். தக்காளிச் சாறுக்கு எந்தத் திட்டமும் பணம் தராது என்று மகள் படித்துச் சொன்னாள்.

கடைசியாக ஒரு சந்தேகம். வீட்டு முன்னால் மனைவி பெட்டிக்கடை வைத்திருக்கிறாள். அங்கே ஒட்டியிருக்கும் ஸ்கேன் அட்டையும், 'பணம் வந்துவிட்டது' என்று சத்தம் போடும் பெட்டியும் என் நம்பரில்தான் வாங்கியது. நான் கம்பெனி மாறினால் அது நின்றுவிடுமா?

பாலக்கோடு செல் சர்வீஸ்:

நிற்காது அண்ணே. அந்தப் பெட்டிக்குள் தனியாக ஒரு சிம் இருக்கிறது, அது அதன் பாட்டுக்குப் பேசும். ஸ்கேன் அட்டை உங்கள் பேங்க் கணக்கோடு கட்டியது, நம்பரும் மாறவில்லை. வாங்குகிற பணம் வழக்கம்போல வந்துகொண்டிருக்கும்.

உங்கள் போனிலிருந்து பணம் அனுப்புவதுதான் கொஞ்சம் தடங்கும். சிம் மாறியதால் யுபிஐ ஆப் மறுபடி உங்கள் நம்பரைச் சரிபார்க்கச் சொல்லும், புது சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் தானாகப் போகும். அதற்குச் சிம்மில் எஸ்எம்எஸ் உள்ள பேக் இருக்க வேண்டும். பிறகு புதுப் போன் வாங்கினாலும் அதே வேலை இன்னொரு தடவை. புதுசாகப் பதிவு செய்த முதல் 24 மணி நேரம் பல பேங்குகளில் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப விடாது. அதனால் டீசலுக்கும் கூலிக்கும் கொஞ்சம் ரொக்கம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாறுங்கள்.

புதுப் போன் கைக்கு வந்ததும் பில்லில் இருக்கும் ஐஎம்இஐ நம்பரும் (போனின் அடையாள எண்), ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடித்தால் திரையில் வரும் நம்பரும் ஒன்றா என்று கடையிலேயே நின்று பாருங்கள். கேஒய்எம் என்று இங்கிலீஷில் அடித்து, இடைவெளி விட்டு அந்த நம்பரை 14422-க்கு அனுப்பினால் போன் சரியானதா என்று பதில் வரும். 17,000 கேட்கிற கடை என் கடைக்கு நேர் எதிர்க்கடையாக இருந்தால் என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள், 16,800-க்கு என்னால் முடியும். தவணை கிடையாது, ரொக்கம்தான்.